ஸ்டெப்னியா, பஞ்சர் கிட்டா, சீலன்டா? நெடும்பயணத்துக்கு எது கைகொடுக்கும்

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். கிளம்பும் முன் ஆயில், கூலன்ட், பிரேக் எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுகிறோம். பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்பதை மட்டும் ‘அதான் ஸ்டெப்னி இருக்கே’ என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஸ்டெப்னியே இல்லாத கார்களும் இப்போது விற்பனைக்கு வருகின்றன. டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் டிபிஎம்எஸ் வசதியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியதும் இதற்கு ஒரு காரணம்.

ஸ்டெப்னியின் பெரிய பலம் தெரிவது சைடுவால் கிழியும்போதுதான். பள்ளத்தின் விளிம்பிலோ கூரான கல்லிலோ அடிபட்டு டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் கிட்டும் உதவாது, துளையை அடைக்கும் திரவமான சீலன்டும் உதவாது. சக்கரத்தையே மாற்றியாக வேண்டும். இதற்காகவே நான் ஸ்டெப்னி இல்லாமல் வெளியூர் கிளம்ப மாட்டேன்.

ஆனால் மாற்றுகிற வேலை லேசானதல்ல. டிக்கி நிறைய பெட்டிகள். அத்தனையையும் இறக்கினால்தான் அடியில் இருக்கும் ஸ்டெப்னியை எடுக்க முடியும். வண்டியை இடது ஓரமாக நிறுத்தியிருப்போம். பஞ்சர் ஆனது வலது பக்கச் சக்கரம் என்றால், லாரிகள் பறக்கும் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இரவில் இதைச் செய்வது உண்மையிலேயே ஆபத்து. தவிர, பல கார்களில் தருவது மெலிந்த தற்காலிகச் சக்கரம். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்.

டிக்கியில் கிடக்கும் டயருக்கும் வயதாகும். சைடுவாலில் டிஓடி என்ற எழுத்துகளோடு வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2317 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் (சாலையில் உருளும் மேல்பகுதி) தேயாமல் புதுசு போலத் தெரிந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். அதில் காற்று இருக்கிறதா என்பதையும் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பஞ்சர் கிட் வேறு வகை. ஆணி குத்திய துளையை ரம்பம் போன்ற ஊசியால் தேய்த்து, பசை தடவிய ரப்பர் ஸ்டிரிப்பை உள்ளே தள்ளி, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட வேண்டும். டியூப்லெஸ் டயருக்கு மட்டும்தான், அதுவும் பட்டன் பகுதியில் மட்டும்தான் சரிவரும். ஜாக்கி பெரும்பாலும் தேவைப்படாது. ஸ்டிரிப் போட்டபின் ஊர் போய்ச் சேர்ந்ததும் உள்பக்கம் மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ஒட்டு) போட்டுவிடுவது நல்லது. ஒரே குறை: ஊசியை உள்ளே இறக்க நல்ல கை பலம் வேண்டும். வயதானவர்களுக்குச் சிரமம்.

சீலன்ட் இருப்பதிலேயே சுலபம். வால்வு வழியாகத் திரவத்தை ஏற்றி, காற்றடித்து, மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டினால் சிறு துளை அடைபடும். ஆனால் பாட்டிலுக்குக் காலாவதி தேதி உண்டு. பெரிய துளை அடைபடாது. பிறகு பஞ்சர் கடையில் டயரைக் கழற்றினால் உள்ளே எல்லாம் பிசுபிசுப்பு. துடைத்தபிறகுதான் பேட்ச் ஒட்ட முடியும். தனியாக ஓட்டுபவர், ஸ்டெப்னி இல்லாத காரில் இரவில் மாட்டிக்கொண்டால் மட்டும் சரி. மற்றபடி என் ஓட்டு இதற்கு இல்லை.

இந்த மூன்றுக்கும் முன்பு எடுக்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு: 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சின்னக் கம்ப்ரஸர். ஆணி குத்திய டியூப்லெஸ் டயரில் பெரும்பாலும் காற்று மெல்லத்தான் இறங்கும், ஆணியே துளையை அடைத்துக்கொண்டிருப்பதால். அதைப் பிடுங்காதீர்கள். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றை ஏற்றி, நிதானமாக ஓட்டி அடுத்த பஞ்சர் கடைக்குப் போய்விடலாம். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம்.

ஆகவே கம்ப்ரஸரும் ஸ்டிரிப் கிட்டும் கைக்கு எட்டும் இடத்தில், ஸ்டெப்னி கடைசி ஆயுதமாக டிக்கியில். அலாய் வீலுக்குத் திருட்டைத் தடுக்கும் லாக் நட்டு போட்டிருந்தால் அதன் சாவி வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் ஜாக்கியும் ஸ்பேனரும் இருந்து பயனில்லை. எதுவுமே கைகொடுக்காத நிலைமை வந்தால் தேசிய நெடுஞ்சாலையில் உதவி எண் 1033-க்கு அழைத்துவிட்டு, எல்லோரும் காரை விட்டு இறங்கி, சாலையோரத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள்.