எட்டுத் தந்தி பேஸ் கிட்டாருக்கு எட்டு சேடில் பிரிட்ஜ்: காரைக்குடியிலிருந்து ஒரு மதிப்பீடு

எட்டுத் தந்தி பேஸ் கிட்டாரில் இ, ஏ, டி, ஜி என்ற வழக்கமான நான்கு தந்திகளுக்கும் பக்கத்தில், ஒரு ஸ்தாயி மேலே சுருதி கூட்டிய மெல்லிய துணைத் தந்தி ஒவ்வொன்று இருக்கும். இரண்டையும் ஒரே விரலால் அழுத்தி, ஒரே வீச்சில் மீட்ட வேண்டும். ஸ்வீடனின் ஹாக்ஸ்ட்ராம் நிறுவனம் 1967-இல் எச்8 என்ற பெயரில் இத்தகைய கருவியைத் தொழிற்சாலையில் செய்து விற்கத் தொடங்கியது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் குழுவின் பேஸ் கலைஞர் நோயல் ரெடிங் அதை வாசித்திருக்கிறார்.

செட்டிநாட்டு இன்னிசைக் கச்சேரிகளுக்கு இக்கருவி மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து. திருமண வீடுகளில் வளவிலோ முகப்பிலோ வாசிக்கும்போது, வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் ஒலியைத் திருப்பித் திருப்பி எறிகின்றன. கீழ் இ தந்தியின் 41 ஹெர்ட்ஸ் ஒலி வெறும் முழக்கமாகிவிடுகிறது. 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் துணைத் தந்தி சேரும்போதுதான், பேஸ் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்பது பாடுபவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் இந்த நன்மை முழுவதும் ஜோடித் தந்திகளின் சுருதி ஒன்றோடொன்று இசைந்து நிற்பதைப் பொறுத்தது. அதைத் தீர்மானிப்பது, கருவியின் உடலில் தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ்.

என் கருவியோடு வந்த பிரிட்ஜில், தந்தி அமரும் சிறு தாங்கிகளான சேடில்கள் நான்கே இருந்தன. ஒவ்வொரு ஜோடியும் ஒரே சேடிலில் அமர்ந்திருந்தது. தடித்த தந்தி விறைப்பானது. அழுத்தும்போது அதன் சுருதி கூடுதலாக ஏறும். அதை ஈடுசெய்ய அதன் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். மெல்லிய தந்திக்கு அவ்வளவு பின்னடைவு தேவையில்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரே சேடில் இருந்தால், ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றொன்று விலகும். திறந்த தந்திகளில் குறை தெரியாது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளில் 12-ஆவதுக்குப் போனால் வெளிப்பட்டுவிடும். ஜி ஜோடியில் அந்த இடத்தில் துணைத் தந்தி 10 சென்ட் (அரை ஸ்வர இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு) விலகினால், நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை ஒலி எழுந்து தாழும். மெதுவான பாடலில் நீண்ட ஸ்வரம் பிடிக்கும்போது அந்த அலைவு காதை உறுத்தும்.

இப்போது பொருத்தியிருப்பது, இணையத்தில் வாங்கிய, நிறுவன முத்திரை ஏதுமில்லாத பிரிட்ஜ். பித்தளையில் எட்டுத் தனி சேடில்கள் கொண்டது. ஒவ்வொன்றையும் முன்பின்னாக நகர்த்தவும் உயர்த்தித் தாழ்த்தவும் முடிகிறது. 12-ஆம் ஃப்ரெட்டில், தந்தியை அழுத்தாமல் தொட்டு மட்டும் மீட்டும் ஹார்மோனிக்கையும் அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிட்டு, அழுத்திய ஸ்வரம் கூடினால் சேடிலைப் பின்னுக்கும், குறைந்தால் முன்னுக்கும் நகர்த்தினேன். முடிவில் இ ஜோடியின் இரு சேடில்களும் ஒன்றுக்கொன்று நன்றாகவே விலகி நின்றன. ஒரே சேடிலால் இது ஒருபோதும் இயலாது என்பதற்கு அந்த இடைவெளியே போதுமான சான்று.

உயரத்தைத் தனித்தனியே அமைக்க முடிவது, சேடிலை முன்பின் நகர்த்திச் சுருதியைச் சரிசெய்யும் இன்டனேஷனுக்குச் சற்றும் குறையாத பயன். 0.105 அங்குலத் தந்தியும் 0.045 அங்குலத் தந்தியும் ஒரே மட்டத்தில் அமர்ந்தால், மெல்லியதன் மேற்பரப்பு மிகத் தாழ்ந்துவிடும். விரல் தடித்ததை மட்டுமே பற்றும். துணைத் தந்தியின் சேடிலைச் சிறிது உயர்த்தி மேற்பரப்புகளை நெருங்கச் செய்த பிறகுதான், விரலால் மீட்டும்போதும் இரண்டும் சேர்ந்து ஒலித்தன.

குறைகளும் உண்டு. உயரத் திருகுகள் தேவைக்கு மேல் நீளமானவை. சேடிலுக்கு மேலே துருத்தி நிற்கின்றன. உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜ் மீது வைத்து ஒலியை அடக்கி வாசிக்கும் எவருக்கும் அவை கையைக் குத்தும். குட்டையான திருகுகளைத் தனியே வாங்கி மாற்ற வேண்டியதாயிற்று. அந்தத் திருகுகளின் முலாமும் கை வியர்வைக்கு நிற்கவில்லை. உலோக அரிமான ஆய்வுக்குப் பெயர்பெற்ற சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஊரில் வாழ்வதாலோ என்னவோ, இதில் எனக்குக் கண்டிப்பு அதிகம். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைப்பது அவசியம்.

திருகுத் துளைகள் பழைய பிரிட்ஜோடு பொருந்தவில்லை. எங்கள் தெருத் தச்சர் பழைய துளைகளில் தேக்கு முளைகளைப் பசையிட்டு இறக்கி, கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டிலிருந்து நூல் பிடித்து மையம் பார்த்து, புதிய துளைகளை இட்டுக் கொடுத்தார். வேலை மிக நேர்த்தி. அடியில் வரும் எர்த் கம்பி பிரிட்ஜின் உலோகத்தைத் தொடுகிறதா என்று மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். தொடாவிட்டால் ஆம்ப்ளிஃபையரில் இரைச்சல் கேட்கும்.

பிரிட்ஜ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வாசிப்பு முறையை மாற்றிக்கொள்ளாமல் பயனில்லை. என் கருவியில் துணைத் தந்தி கட்டைவிரல் பக்கம் இருப்பதால், தந்தி மீட்டும் சிறு தகடான பிக்கால் கீழ்நோக்கி அடிக்கும்போது மெல்லிய தந்தி முதலில் ஒலித்து எடுப்பு தெளிவாகிறது; விரலால் மீட்டும்போது தடித்தது முந்துகிறது. ஆகவே வேகமான பாடல்களுக்குக் கனமான பிக்கும், மெல்லிசைக்கு விரலும் என்று பிரித்துக்கொண்டேன். பிக்கின் நுனி விரல்களுக்கு வெளியே சிறிதளவே நீண்டிருக்க வேண்டும். அதிகம் நீண்டால் ஜோடிக்கு நடுவே சிக்கும். இடது கையில் விரல் நுனிக்குப் பதிலாகச் சதைப்பற்றான பகுதியால் இரு தந்திகளையும் சமமாக அழுத்த வேண்டும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து கமகம் காட்டினால் இரண்டும் வெவ்வேறு அளவில் ஏறிச் சுருதி பிளந்துவிடும் என்பதால், ஜாரு போடுவதே இக்கருவிக்கு ஏற்றது. நம் திரைப்பாடல்களின் பேஸ் வரிகளில் வழுக்கிச் செல்லும் இடங்கள் ஏராளமாக இருப்பதால் இது பெரிய இழப்பும் அல்ல.

வாங்க நினைப்பவர்கள் கழுத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். துணைத் தந்தியின் தடிமன் முதன்மைத் தந்தியில் பாதியாக இருந்தால், இரண்டின் இழுவையும் ஏறக்குறைய சமமாகும். கழுத்து தாங்கும் சுமை நான்கு தந்திக் கருவியைப் போல இரு மடங்கை நெருங்கும். எனவே கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைச் சரிபார்த்து, கழுத்தை நேராக்கிய பிறகே சேடில்களைத் தொட வேண்டும். வரிசை மாறினால் செய்த அளவெல்லாம் மீண்டும் கலையும். எட்டுத் தந்தித் தொகுப்பை இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. துணைத் தந்திகளுக்குச் சாதாரண கிட்டார் தந்திகளைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே 34 அங்குலம் உள்ள கருவியில், தொலைவிலுள்ள முடுக்கிகளை எட்ட அவற்றின் நீளம் பெரும்பாலும் போதாது.