இருதுருவ நோயின் மனச்சோர்வுக்கு எந்த மருந்து? குவெட்டியாபின், லூராசிடோன், லாமோட்ரிஜின், லித்தியம்

இருதுருவ நோய் (பைபோலார்) உள்ளவர்கள் நோயுற்றிருக்கும் காலத்தில் பெரும்பகுதியைக் கழிப்பது மனஎழுச்சியில் (அளவுமீறிய உற்சாக நிலை, மேனியா) அல்ல, சோர்வில்தான். அந்தச் சோர்வுக்கு வழக்கமான மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மனஎழுச்சி கிளம்பிவிடும்; மனநிலையைச் சீராக்கும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோதும், 2007-இல் வெளியான அமெரிக்காவின் ஸ்டெப்-பிடி ஆய்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. எனவே ஒப்பிட வேண்டியவை வேறு மருந்துகள்.

சோர்விலிருந்து விரைவாகத் தூக்கிவிடுவதில் குவெட்டியாபினுக்கு வலுவான சான்று உண்டு. இரவில் 300 மி.கி. போதும், ஆய்வுகளில் 600 மி.கி. அதைவிடச் சிறப்பாக வேலை செய்யவில்லை. தூக்கமின்றித் தவிப்பவருக்கு அது தரும் தூக்கக் கலக்கம் உதவும், காலையில் வேலைக்குப் போக வேண்டியவருக்கோ அதுவே பெரும் இடைஞ்சல். உடல் எடையும் இரத்தச் சர்க்கரையும் கூடும் என்பதால், சர்க்கரை நோய் பரம்பரையாக வரும் குடும்பத்தில் பிறந்தவருக்கு நான் லூராசிடோனையே முதலில் எண்ணிப் பார்க்கச் சொல்வேன். அது எடையை அதிகம் ஏற்றுவதில்லை. ஆனால் குமட்டலும், ஓரிடத்தில் உட்கார விடாத பரபரப்பும் சிலருக்கு வரும். குறைந்தது 350 கலோரி உணவோடு விழுங்கினால்தான் மருந்து உடலில் சரியாகச் சேரும். இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டால் அந்த அளவு எட்டாது. மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்டும் முன் இதை அவசியம் விசாரிக்க வேண்டும்.

லாமோட்ரிஜின் அவசரத்துக்கு உதவாது. உயிருக்கே ஆபத்தாகக்கூடிய தோல் தடிப்பைத் தவிர்க்க 25 மி.கி.யில் தொடங்கி, 200 மி.கி.யை எட்டச் சுமார் ஆறு வாரங்கள் ஆகும். மனநிலையைச் சீராக்கும் இன்னொரு மருந்தான வால்புரோயேட்டைச் சாப்பிடுபவருக்கு இந்த அளவுகளைப் பாதியாக்க வேண்டும். சோர்வு மீண்டும் வராமல் தடுப்பதே அதன் பலம், எடையும் பொதுவாக ஏறாது.

லித்தியம் சோர்வை உடனே தணிப்பதில் பின்தங்கினாலும், தற்கொலை அபாயத்தைக் குறைப்பதில் மற்ற மூன்றுக்கும் இல்லாத அளவு சான்று அதற்குண்டு. முன்பு தற்கொலைக்கு முயன்றவருக்கு லித்தியத்துக்காகத் தொடர்ந்து செய்ய வேண்டிய இரத்தப் பரிசோதனையின் தொல்லையைக் காரணம் காட்டி அதை ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதல்ல. சிறுநீரகத்தையும் தைராய்டையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கும் டைக்லோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவை இரத்தத்தில் லித்தியத்தின் அளவை நச்சாகும் மட்டத்துக்கு உயர்த்திவிடலாம் என்பதை நோயாளியிடம் மட்டுமன்றி வீட்டாரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.