உளநலக் கிளினிக், போய்ப் பார்த்த அனுபவம்

தாதியப் பயிற்சி இரண்டாம் வருடம். நைட் டியூட்டி முடிந்து வந்தாலும் நித்திரை இல்லை, யூனிபோர்மை அயன் பண்ணக்கூடக் கை எழும்பவில்லை. விடுதி அக்கா ஒருத்தி சொல்லித்தான் வன்னியில் ஓர் ஆஸ்பத்திரியின் உளநலக் கிளினிக்குக்குப் போனேன். வாங்கில் இரண்டு மணித்தியாலம், மறைப்பே இல்லை, வாட்டில் என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அந்த வழியால்தான் போகிறார்கள். அது பெரிய குறை. ஆனால் டொக்டர் அவசரப்படுத்தவில்லை. போன இரண்டு கிழமையைப் பற்றி ஒன்பது கேள்வி, மனச்சோர்வை அளக்க நாங்கள் நோயாளிகளுக்கென்று படித்த அதே தாள்! எனக்கு 27 புள்ளிக்கு 16; புள்ளி கூடினால் சோர்வும் கூட என்று அர்த்தம். மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று கிழமை எடுக்கும் என்று முதலே சொன்னது நல்லது, இல்லாவிட்டால் நாலாம் நாளே நிப்பாட்டியிருப்பேன். இரவில் தாங்க முடியாவிட்டால் 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்குக் கோல் எடுங்கோ, தமிழிலும் கதைக்கலாம். கிளினிக்குக்குப் போறதென்றால் காலை ஏழரைக்கே போய் நம்பர் எடுங்கோ.