டெஸ்லா காயில் அதிர்வெண்: எந்தக் கணக்கை நம்பலாம்?

டெஸ்லா காயில் என்பது உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக் காற்றில் மின்பொறி பறக்கவிடும் இரட்டைச் சுருள். அதைக் கட்ட இறங்கினால் முதலில் கையில் வேண்டியது செகண்டரியின், அதாவது நெடிய இரண்டாம் சுருளின், ஒத்ததிர்வு அதிர்வெண்: அது எந்த அதிர்வெண்ணில் மிக வலுவாக அதிரும் என்பது. இந்த அதிர்வெண்ணைக் கணக்கிட மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பாளையங்கோட்டையில் என் வீட்டுத் தார்சாவில் நிற்கும் சுருளை வைத்தே மூன்றையும் பார்த்துவிடலாம்.

110 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள பிவிசி பைப்பில் 28ஆம் கேஜ் எனாமல் கம்பி, 1000 சுற்று, உயரம் 42 சென்டிமீட்டர். கம்பி வாங்கியது பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில். "அண்ணாச்சி, ஆயிரம் சுத்துக்கு எவ்வளவு பிடிக்கும்?" என்று கேட்டதும் ரீலைத் தூக்கித் தராசில் வைத்தார். நான் அன்று கற்றுக்கொண்ட பாடம் அது. சுற்றி முடித்தபின் ரீலை மறுபடி நிறுத்தால் 345 கிராம் வாக்கில் குறைந்திருக்க வேண்டும். மல்டிமீட்டரில் 54 ஓம் வாக்கில் காட்ட வேண்டும். எண்ணிக்கை பிசகியிருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

முதல் வழி கம்பி நீளக் கணக்கு. மொத்தக் கம்பி 347 மீட்டர். அது கால் அலைநீளம் என்று வைத்தால் 216 கிலோஹெர்ட்ஸ். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் தவறு. சுருளில் ஒவ்வொரு சுற்றின் காந்தப்புலமும் பக்கத்துச் சுற்றுகளைப் பிடித்து இழுக்கிறது. அலை கம்பி வழியே சுற்றிச் சுற்றி ஒளி வேகத்தில் போவதில்லை.

இரண்டாவது வழி, தாளில் போடும் கணக்கு. ரேடியோ பொறியாளர் வீலர் 1928இல் தந்த சூத்திரப்படி தூண்டம் (இண்டக்டன்ஸ்) 25.5 மில்லிஹென்றி. மெட்ஹர்ஸ்ட் என்பவர் 1947இல் பல சுருள்களை அளந்து வெளியிட்ட அட்டவணைப்படி மின்கொள்ளளவு (கெப்பாசிட்டன்ஸ்) சுமார் 7.7 பிக்கோஃபாரட். இரண்டையும் சேர்த்தால் 360 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது.

மூன்றாவது ஜாவாடிசி போன்ற, டெஸ்லா காயிலுக்கென்றே எழுதிய கணினி நிரல். சுருள், தரை, சுவர், மேல்மூடி (சுருளின் உச்சியில் வைக்கும் உலோக உருண்டை அல்லது வளையம்) எல்லாவற்றின் வடிவத்தையும் வாங்கிக்கொண்டு கொள்ளளவைப் போடும்.

சரி, அளந்தால் என்ன வருகிறது? நான் முதலில் ஏமாந்தது இங்கேதான். அடிமுனையில் சிக்னல் ஜெனரேட்டரைக் கொடுத்து, மேல்முனையில் ஆசிலாஸ்கோப் புரோபைத் தொடவைத்தேன். உச்சம் 220ஐ ஒட்டி வந்தது. கம்பி நீளக் கணக்குதான் சரி என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் சிக்னலைப் பத்து மடங்கு குறைத்து வாங்கும் அந்தப் புரோபின் முனையிலேயே 12 பிக்கோஃபாரட் வாக்கில் இருக்கிறது. சுருளுக்கே எட்டுக்கும் குறைவு! இரண்டையும் கூட்டித் தாள் கணக்கில் போட்டால் 224. தவறான கணக்குக்குத் தவறான அளவு சாட்சி சொல்லியிருக்கிறது. புரோபை எடுத்து ஒரு மீட்டர் தள்ளி ஆன்டெனா மாதிரி தொங்கவிட்டதும், உச்சம் 360ஐ நோக்கி ஏறிப்போய், அதற்குச் சற்றுக் கீழே நின்றது. அந்தக் குறைவு பக்கத்துச் சுவரால் வந்தது; மொட்டை மாடி நடுவில் வைத்தால் எண் இன்னும் கொஞ்சம் ஏறும்.

இன்னொரு கண்ணி கடைப் பேச்சில் இருக்கிறது. "நாலு இஞ்ச் பைப்" என்று வாங்குவதன் வெளிவிட்டம் 110 மில்லிமீட்டர். நான்கு அங்குலத்தை அப்படியே 101.6 என்று எழுதினால் விடை 392க்குத் தாவிவிடும். எந்த நிரலைத் தேர்ந்தெடுப்பது என்று வாதிடும் முன் வெர்னியரை எடுங்கள்.

வெறும் சுருளுக்குத் தாள் கணக்கே போதும் என்பது என் முடிவு. மூடி ஏறினால் நிரல் பக்கம் போய்விடுவேன். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உலோக உருண்டை தனியாக 16.7 பிக்கோஃபாரட், சுருளின் 7.7ஐ நேராகக் கூட்டினால் 202 கிலோஹெர்ட்ஸ். ஆனால் உருண்டையும் சுருளும் ஒன்றின் மின்புலத்தை மற்றொன்று மறைப்பதால் உண்மையான கூட்டுத்தொகை அதைவிடக் குறைவு, அதிர்வெண் அதைவிட உயரம். எவ்வளவு உயரம் என்பதைத் தாள் சொல்லாது, வடிவத்தை வைத்துக் கணக்குப் போடும் நிரல் சொல்லும்.

அப்புறம், பொறி பறக்கும்போது அதுவும் கொள்ளளவாகச் சேர்ந்து அதிர்வெண்ணை இறக்கும். பிரைமரியும் (அடியில் இருக்கும் முதல் சுருள்) அந்த இறங்கிய அதிர்வெண்ணுக்கு ஒத்துப்போக வேண்டும். அதனால் அதில் தேவைக்கு மேல் ஓரிரு சுற்று கூட்டியே கட்டிவையுங்கள். இணைப்பை வெளிச்சுற்றுக்கு நகர்த்த இடம் இருக்கும்.