குழி தோண்டும் மெஷின்: பெட்ரோலா, பேட்டரியா, டிராக்டரா?

மலேசியாவில் பந்திங் பக்கத்துத் தோட்டங்களில் கடலோரக் களிமண்தான் அதிகம். மழையில் ஒட்டும், வெயிலில் இறுகும். இங்கே இஞ்சின் பலத்தை மட்டும் பார்த்து மெஷின் வாங்கினால் காசு வீண். மண்ணைக் குடையும் திருகு உள்ளே சிக்கினால் எப்படி எடுப்பது, மெஷின் நின்றுபோனால் யார் சரிசெய்வார் என்று முதலில் கேளுங்கள்.

மலிவாகக் கிடைப்பது 52 சிசி டூ-ஸ்ட்ரோக் மெஷின். புல்வெட்டும் மெஷின் ரிப்பேர் பார்க்கிற கடையிலேயே பிளக், கார்புரேட்டர், இழுகயிறு எல்லாம் கிடைத்துவிடும். அது பெரிய பலம். ஆனால் பெட்ரோல் 25-க்கு எண்ணெய் 1 என்று கலக்கச் சொல்லும் மெஷினுக்கு 50-க்கு 1 கலந்து ஊற்றினால் பிஸ்டன் இறுகிவிடும். பழைய பெட்ரோலை டேங்கிலேயே விட்டு மாதக்கணக்கில் ஸ்டோரில் போட்டுவிட்டு, "ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது" என்று மெஷினைத் திட்டுபவர்களும் உண்டு.

ஸ்டில் கம்பெனியின் பெட்ரோல் மெஷின் பிடி 131 வெறும் 36.3 சிசிதான், எடை சுமார் 10 கிலோ. நான் கூடுதல் காசு கொடுப்பது அதன் பிரேக்குக்காக. வேரில் மாட்டி மெஷின் ஆளோடு சுழலப் பார்த்தால், தொடையில் நெம்புகோல் பட்டதும் திருகு நின்றுவிடும். மணிக்கட்டு தப்பும். வால்வு உள்ள ஃபோர்-ஸ்ட்ரோக் இஞ்சின்தானே என்று இதில் வெறும் பெட்ரோலை ஊற்றிவிடாதீர்கள், இதற்கும் எண்ணெய் கலந்த பெட்ரோல்தான்.

பேட்டரி மெஷினில் எனக்குப் பிடித்தது ரிவர்ஸ். களிமண்ணில் சிக்கிய திருகைத் திருப்பிச் சுற்றி எடுத்துவிடலாம். கைப்பெட்ரோல் மெஷின்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. நமக்குத் தொல்லை வெயில்: விடாமல் தோண்டினால் பேட்டரி சூடேறித் தானே நின்றுவிடும். வேலிக்காலுக்கு இது போதும். செம்பனை (எண்ணெய்ப்பனை) நட யோசிக்க வேண்டும். 15-க்கு 18 அங்குல நாற்றுப்பையில் மண் நிரப்பினால் குறுக்களவே 10 அங்குலத்தை நெருங்கும். அதற்கு 8 அங்குலத் திருகு பத்தாது, 12 வேண்டும்; அதைப் பேட்டரி தாங்குமா என்று பாருங்கள்.

9 மீட்டர் முக்கோண நடவில் ஹெக்டருக்கு 143 கன்று வரை வரும். மறுநடவு பல ஹெக்டர் என்றால் டிராக்டர் திருகுதான், பேச்சே இல்லை. தடை வந்தால் ஒரு போல்ட் உடைந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும். அந்த போல்ட்டில் நாலைந்து கையோடு இருக்கட்டும். ஈர நிலத்தில் மட்டும் டிராக்டரை இறக்காதீர்கள், டயர் புதைந்துவிடும்.

ஈரக் களியில் எந்த மெஷினும் குழிச் சுவரை மெழுகிவிடும். வேர் வெளியே போகாது, தண்ணீரும் வடியாது. கன்று வைப்பதற்கு முன் மண்வெட்டியால் சுவரைச் சுற்றிக் கொத்திவிடுங்கள். அந்தக் கூலியையும் மெஷின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.