கீல்பக்க விரல் காப்பு: ஏழு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கதவைச் சாத்தியவன் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மதிப்பீட்டில் என் நடுநிலை எவ்வளவு என்று எடைபோடப் படிப்பவருக்கு அது உதவும். படுக்கையறைக்குள் வெளிச்சம் போகாமல் இருக்கட்டும் என்று, அறைக்கு வெளியே நின்றபடி கதவை என் பக்கம் இழுத்தேன். இரண்டரை வயது மகள் எனக்குப் பின்னால் வந்து நின்றதையும், கீல் இருக்கும் பக்கத்தில் கதவுக்கும் நிலைக்கும் இடையிலான இடுக்கில் மோதிர விரலை நுழைத்திருந்ததையும் நான் கவனிக்கவில்லை. கதவு எதிலோ தடைபட்டது. மேலே மாட்டியிருந்த ஃபோம் தடுப்புதான் தடுக்கிறது என்று நினைத்து இன்னும் சற்று அழுத்தி இழுத்தேன்.

அந்தப் பிறை வடிவ ஃபோம் தடுப்பைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பெரும்பாலான பெற்றோர்களைப் போல நாங்களும் அதை மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்தோம். கதவின் விளிம்பில் செருகிவிட்டால் கதவு முழுமையாகச் சாத்தாது. கைப்பிடிப் பக்கத்தில் ஏறக்குறைய 4 செ.மீ. இடைவெளி நிற்கும். அந்தப் பக்கத்தில் விரல் வைக்கும் குழந்தைக்கு அது போதும். ஆனால் 80 செ.மீ. அகலமுள்ள கதவில் கைப்பிடி ஓரத்தில் 4 செ.மீ. திறந்திருக்கிறது என்றால், கீலிலிருந்து 2 செ.மீ. தள்ளி இருக்கும் இடைவெளி வெறும் 1 மி.மீ.தான். விசையோ இதற்கு நேர்மாறாகப் பெருகுகிறது: கீலிலிருந்து 75 செ.மீ. தொலைவில் நாம் இழுக்கும் விசை, 1.5 செ.மீ. தொலைவில் சிக்கிய விரலின் மீது கிட்டத்தட்ட 50 மடங்காக இறங்கும். பள்ளியில் நெம்புகோல் கணக்கை நூறு முறை போட்டவன், என் வீட்டுக் கதவை ஒருநாளும் நெம்புகோலாகப் பார்த்ததில்லை.

விரல் நுனி நசுங்கி, நகம் வேரிலிருந்து பெயர்ந்திருந்தது. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தியபடி மருத்துவமனைக்கு ஓடியது வரை சரியாகத்தான் செய்தோம். வழியில் அழுகை அடங்கட்டும் என்று அவள் வாயில் எதையோ ஊட்டிவிட்டேன், அதுதான் பிழை. முழு மயக்கம் கொடுக்க வேண்டுமானால் திட உணவு உண்டு 6 மணி நேரமாவது கழிய வேண்டும் என்பதால், தையல் போடுவது இரவுவரை தள்ளிப்போனது. எலும்பு முறிவு இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபின், நகத்துக்கு அடியில் கிழிந்திருந்த படுகையைத் தானே கரையும் இழையால் தைத்தார்கள். பெயர்ந்த நகத்தைத் திரும்பப் பொருத்தாமல் எடுத்துவிட்டது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. பிரிட்டனில் 451 குழந்தைகளிடம் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், நகத்தைத் திரும்பப் பொருத்தினாலும் விட்டுவிட்டாலும் தொற்றிலோ நகத்தின் தோற்றத்திலோ வேறுபாடு தெரியவில்லை என்று படித்த பிறகுதான் அந்த உறுத்தல் நீங்கியது.

வீடு திரும்பிய மறுநாள் வாங்கியதுதான் கீல்பக்கக் காப்பு. ஒரு கதவுக்கு இரண்டு துண்டுகள் வருகின்றன. அகலமான, விசிறிபோல் மடிந்து விரியும் பிளாஸ்டிக் பட்டை ஒன்று. கீல் உருளையை மூடும் ஒடுங்கிய பட்டை மற்றொன்று. எது எந்தப் பக்கம் என்பதில் குழம்ப வேண்டாம். கதவு எந்த அறைக்குள் திறக்கிறதோ, அதற்கு எதிர்ப்புறத்தில் நின்று பார்த்தால் கதவின் ஓரத்துக்கும் நிலைக்கும் நடுவே ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி விரியும். அகலமான பட்டை அங்கேதான் ஒட்டப்பட வேண்டும். கதவைச் சாத்தும்போது விரலை நசுக்குவது அந்த இடைவெளிதான். மறுபுறத்து ஒடுங்கிய பட்டை, கதவைத் திறக்கும்போது கீலருகே விரல் சிக்காமல் தடுக்கிறது. சில கடைகளில் அகலமான பட்டையை மட்டும் தனியாக விற்கிறார்கள். இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

பொருத்துவது எளிது என்று அட்டைப்பெட்டி சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். கதவையும் நிலையையும் ஸ்பிரிட் கொண்டு துடைத்து, நன்றாக உலரவிட்டு, பட்டையின் பசை பிடிப்பதற்கு ஒரு நாள் கதவை அசைக்காமல் வைத்திருந்தால் மட்டுமே அது நிற்கிறது. அவசரத்தில் நான் துடைக்காமல் ஒட்டிய முதல் கதவில் நான்காம் நாளே மேல்முனை பிரிந்தது. கதவு எவ்வளவு தூரம் திறக்கும் என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்: செங்கோணம் வரை திறக்கும் கதவுக்கான பட்டையைச் சுவரோடு ஒட்டித் திறக்கும் கதவில் மாட்டினால், முழுவதும் திறக்கும் ஒவ்வொரு முறையும் பட்டை இழுபட்டுப் பசை விடும். எங்கள் பட்டையின் நீளம் 120 செ.மீ.; மகளின் கை எட்டும் உயரத்துக்கு இப்போது போதும், ஆனால் நாற்காலியில் ஏறக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

குறைகளும் உண்டு. மடிப்புகளில் தூசி அடைகிறது, பழைய பல்துலக்கி வைத்துத்தான் எடுக்க முடிகிறது. குளியலறைக் கதவில் ஈரத்தால் இரண்டு முறை கழன்றது. கழற்றி மாற்றும்போது வண்ணப்பூச்சும் சேர்ந்து உரிந்து வந்தது. ஆனாலும் தன் வேலையை அது செய்கிறது: மகள் வேண்டுமென்றே விரலைத் திணிக்க முயன்றதைப் பலமுறை நானே பார்த்தேன், ஒருமுறையும் உள்ளே போகவில்லை.

ஃபோம் தடுப்பைக் கைப்பிடிப் பக்கத்துக்காக இன்னும் வைத்திருக்கிறோம். குழந்தை கடித்துப் பிய்த்தால் துண்டு தொண்டையில் அடைக்கக்கூடும் என்பதால் அது கதவின் உச்சியில் இருக்கிறது. மூடிய கதவு தீயையும் புகையையும் சற்று நேரமாவது தடுத்து நிறுத்தும் என்பதால் இரவில் எடுத்துவிடுகிறோம்.

இந்தக் காப்பு எனக்கு என்ன செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதங்கள் எந்தக் கதவையும் என்னால் சாத்த முடியவில்லை. பட்டை ஒட்டிய பிறகும் மனைவியைக் கூப்பிட்டுச் சாத்தச் சொன்னேன். "நீங்களே சாத்துங்க, நான் பிள்ளையப் பிடிச்சுக்கறேன்" என்று அவள் ஒருநாள் சொல்லிவிட்டு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். சாத்தினேன். பட்டை மடியும் 'கிரிச்' என்ற ஓசை மட்டும் கேட்டது. அந்த ஓசைக்கு எண்ணெய் விட வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் விடப்போவதில்லை.

விரல் நகம் மாதத்துக்கு 3 மி.மீ. அளவில்தான் வளரும். ஐந்தாம் மாதம் நுனியைத் தொட்ட புதிய நகத்தில் குறுக்கே ஒரு வரப்பு இருக்கிறது. மகள் அந்தப் பட்டைக்கு வைத்திருக்கும் பெயர் "கதவோட கட்டு". தன் விரலுக்குப் போட்டதைப் போலவே கதவுக்கும் அடிபட்டதாக நினைக்கிறாள். குளியலறைக்கு மட்டும் பசைக்குப் பதில் திருகாணியால் பொருத்தும் வகையை வாங்கி வைத்திருக்கிறேன். அது ஈரத்தைத் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு, இதன் கீழேயே சேர்த்து எழுதுகிறேன்.