எட்டு மாதம் வண்டியை விட்டு இறங்காத சிடி

போன சனிக்கிழமைதான் காரின் சிடி பிளேயரைப் பிரித்துச் சரிசெய்தார்கள். எட்டு மாதமாக உள்ளே சிக்கிக்கொண்டு வர மறுத்தது அமெரிக்க ராக் குழு கிரீன் டேயின் 'ஷெனானிகன்ஸ்' ஆல்பம். எஜெக்ட்டை அமுக்கினால் ஒரு முனகல் கேட்கும், அவ்வளவுதான். ரேடியோவும் பாடாது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு முதல் ஷிப்டு. டோல்கேட்டில் முதல் பாட்டை வைத்தால் சூளகிரி பக்கம் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

தர்மபுரியில் இருக்கும் மச்சான் ஒருவன் பழைய கடையில் இதே சிடியைப் பார்த்துவிட்டு, "வாங்கலாமா?" என்று கேட்டான். அவனுக்குத்தான் இது.

இந்த சிடி 2002 ஜூலையில் வந்தது. ஆல்பங்களில் இடம் கிடைக்காமல் சிங்கிள்களின் (ஒரு பாட்டை முன்னிறுத்தித் தனியாக விடும் வெளியீடு) மறுபக்கத்தில் போனவை, மற்றவர்களிடம் வாங்கிப் பாடியவை என்று மொத்தம் 14 பாட்டு. அதுவரை எங்குமே வராதது கடைசிப் பாட்டு ஒன்றுதான்: 'ஹா ஹா யூ ஆர் டெட்'. மெக்கானிக் அதைக் கேட்டுவிட்டு, "யாரை சார் இப்படித் திட்டுறான்?" என்றார். எனக்கும் தெரியாது, ஆனால் டிராஃபிக்கில் நிற்கும்போது நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

மிச்சம் என்று தெரிந்துதான் வாங்கினேன், அதனால் பாட்டுகளைக் குறை சொல்ல மாட்டேன். பிடிக்காததும் இரண்டு நிமிடத்தில் போய்விடும். என் கோபமெல்லாம் வரிசை மேல். ஆறாவதாக 'எஸ்பியனாஜ்', குரலே இல்லாத வாத்திய இசை. 1999-இல் 'ஆஸ்டின் பவர்ஸ்' என்ற உளவாளி நகைச்சுவைப் பட வரிசையின் இரண்டாம் படத்துக்கும் போனது, உளவாளிப் படத்து கிடார் நடை. விடியாத நேரத்தில் குருபரப்பள்ளியைத் தாண்டும்போது, முன்னால் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிய, இது ஓடும். அந்த மூன்று நிமிடத்துக்காகவே சீக்கிரம் கிளம்பிய நாளும் உண்டு.

அது முடிந்த மறுநொடி, டிவியில் வரணும் என்று கத்தும் பாட்டு கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வரும். எட்டு மாதத்தில் ஒருநாள்கூட எனக்குப் பழகவில்லை. கை தானாக வால்யூமுக்குப் போகும். 1994-இல் 'பாஸ்கெட் கேஸ்' சிங்கிளோடு வந்த 'ஆன் த வேகன்' என்ன பாவம் செய்ததோ, 13-ஆம் இடத்தில் கிடக்கிறது. எங்கள் ஊரில் மாம்பழக்கூழ் ஆலை கழித்த பெங்களூரா மாங்காயைக்கூட அடிபட்டது, பழுத்தது என்று பிரித்து வைத்துத்தான் விற்பார்கள். இவர்கள் கூடையை அப்படியே கவிழ்த்துவிட்டார்கள்.

சரி மச்சான், வாங்காதே. இவர்களைப் புதிதாகக் கேட்பவன் 1994-இன் 'டூக்கி' ஆல்பத்தில் ஆரம்பிக்கட்டும். என்னுடையதை இரவல் தருவேன் என்றும் நினைக்காதே. திங்கட்கிழமை அதையேதான் மறுபடி உள்ளே தள்ளினேன்.